அக்காவின் குரலும் பாட்டுப் பெட்டியின் வரலாறும்



சோழர் கால ஏரிகளைப் பற்றிப் போன மாதம் எழுதியது கொஞ்சம் நீளம் என்று சிலர் செல்லமாகக் குறைப்பட்டீர்கள். இதுவும் நீளம்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள். பாட ஆசைப்படும் அப்பா அம்மாவுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கித் தரலாம் என்று யோசிப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை படியுங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெரியக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு டியூஷன் வந்தவர்களுக்கு மோர் கொடுத்தது அவள்தான். இப்போது வயது 76. சின்ன வயதில் நன்றாகப் பாடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு சமையலறையோடு பாட்டு நின்றுவிட்டது. அத்திம்பேர் போனபின் அதுவும் இல்லை. இதைப் பார்த்த பேரன் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய ட்ராலி ஸ்பீக்கர் வாங்கி அனுப்பினான். பழைய சினிமாப் பாட்டுகளின் இசை மட்டும் வரும் கரோக்கி ட்ராக்குகளைப் போனில் ஏற்றி, பாடுவதற்கு ஒரு செயலியும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்துப் போனேன். ஸ்பீக்கர்மேல் போர்வை போர்த்தியிருந்தது.

"என்னக்கா, பாடலையா?"

"விடுடா தம்பி. குரல் போயிடுச்சு. அதுகூடப் பரவாயில்லை. வரி தடுமாறுது, தாளம் நிக்கமாட்டேங்குது. புத்தி மழுங்கிப்போச்சுபோல."

கடைசியில் சொன்னது எனக்குத் திக்கென்றது. எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பிப்போய்த்தான் இருந்தாள். அக்காவின் பயம் எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே பயம் வந்தது.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு. வாத்தியார் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் பாட்டு இருந்தது, கூட்டமும் இருந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடினார்கள். அதற்கு உச்ச ஸ்தாயி வேண்டும், நல்ல கட்டை வேண்டும். பக்கவாத்தியத்துக்குக் கால் ஆர்மோனியமும் மிருதங்கமும். அங்கே சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் கிடையாது. பாடுகிறவர் இறங்கினால் ஆர்மோனியக்காரரும் இறங்குவார். பாடுகிறவர் வரியை மறந்தால், நினைவு வரும்வரை அதே இடத்தைச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பார். பக்கவாத்தியம் என்ற சொல்லிலேயே பக்கத்தில் இருப்பது என்ற பொருள் இருக்கிறது, கவனியுங்கள்.

மின்சார ஒலிபெருக்கியின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. கலிபோர்னியாவில் நாப்பா என்ற சிற்றூரில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் அசையும் ஒரு கருவியைச் செய்து, அதோடு கிராமபோன் கூம்பை இணைத்தார்கள். 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான் பிரான்சிஸ்கோ நகரமன்றத்தின் முன் பெருங்கூட்டத்துக்கு அதில் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் மேக்னவாக்ஸ். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள். 1919இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான் டியேகோ விளையாட்டரங்கில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அந்தக் கருவி வழியாகப் பேசினார். கேட்டவர்கள் ஏறத்தாழ 50,000 பேர்.

மைக்கில் போகும் சத்தம் ஸ்பீக்கரில் வந்து, அதே மைக்கில் மறுபடி நுழைந்து, சுற்றிச்சுற்றிப் பெருகினால் 'கூய்' என்று ஊளையிடும். நம்மூரில் 'மைக் கூவுது' என்போம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் பேச எழுந்ததும் இது தவறாமல் நடக்கிறது.

1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் காகிதக் கூம்பு அசையும் ஸ்பீக்கரைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். இன்று உங்கள் வீட்டு டிவியிலும் அக்காவின் ட்ராலி ஸ்பீக்கரிலும் இருப்பது அடிப்படையில் அதுதான்.

இதன் பிறகு ஒலிபெருக்கிக் குடும்பம் இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. கடையில் ஏமாறாமல் இருக்க இந்த இடம் முக்கியம்.

ஒரு கிளை, உள்ளே போவதை உள்ளபடியே பெரிதாக்கித் தருவது. மேடை, திரையரங்கு, பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் இது. இன்னொரு கிளை, மின் கிதாருக்கானது. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1940களிலும், லண்டனில் ஜிம் மார்ஷல் 1960களிலும் செய்த ஆம்ப்கள் இந்த வகை. அவை சத்தத்துக்குச் சாயம் ஏற்றித் தரும். அழுத்தினால் கரகரக்கும். கிதார்காரர்கள் விரும்பியது அந்தக் கரகரப்பைத்தான். அவற்றின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மங்கிவிடும். கிதாருக்கு அது அழகு. மனிதக் குரலுக்கோ 'ஸ' போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. முழு ஆர்க்கெஸ்ட்ரா ட்ராக்கில் அடியில் 41 ஹெர்ட்ஸ் பேஸ் கிதாரும் உண்டு, உச்சியில் 10,000க்கும் மேலே போகும் ஜால்ராவும் உண்டு. கிதார் ஆம்ப்பில் ட்ராக்கைப் போட்டுப் பாடினால் கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும். 'வீட்டில் பையனுடைய கிதார் ஆம்ப் சும்மா கிடக்கிறது, அதிலேயே பாடட்டுமா?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அடுத்தது, பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க வேண்டும் என்கிற விஷயம். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழு 55,600 பேர் முன்னால் பாடியது. அவர்களிடம் இருந்தவை 100 வாட் ஆம்ப்கள். குரல்கள் அரங்கத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகளில் போயின. ரசிகர்களின் கூச்சலில் அவர்களுக்குத் தாங்கள் வாசிப்பதே கேட்கவில்லை. ட்ரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் மற்றவர்களின் அசைவைப் பார்த்துத்தான் தாளத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. பாடுகிறவரைப் பார்த்துத் திருப்பிவைத்த சிறு ஸ்பீக்கர்களை இன்று மேடைகளில் பார்க்கிறீர்களே, அவற்றின் தேவை இப்படிப்பட்ட அனுபவங்களால்தான் உணரப்பட்டது.

இனி கரோக்கிக்கு வருவோம்.

பக்கவாத்தியத்தை மட்டும் பதிவுசெய்து விற்பது பழைய யோசனை. நியூயார்க்கில் 1950இலேயே 'மியூசிக் மைனஸ் ஒன்' என்ற நிறுவனம், ஒரு வாத்தியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பதிந்து, கற்றுக்கொள்பவர்களுக்கு இசைத்தட்டாக விற்றது. நம்மூர்ப் பாடகர்கள் இன்றும் 'மைனஸ் ட்ராக்' என்று சொல்வார்கள்.

ஆனால் இசையும் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் என்பது ஜப்பானில் பிறந்தது. 1967இல் டோக்கியோவில் ஷிகேயிச்சி நெகிஷி என்பவர், கார் ஸ்டீரியோக்கள் பொருத்தித்தரும் தொழில் நடத்தியவர், பாடுவதில் பிரியம் உள்ளவர், ஒரு பெட்டி செய்தார். டேப் ஓடும், மைக்கில் பாடலாம், காசு போட வேண்டும். பாட்டு வரிகளுக்கு ஒரு புத்தகம். வாடிக்கையாளர்களுக்குப் பிடித்திருந்தது. எதிர்ப்பு வந்தது வேறு இடத்திலிருந்து. அன்று ஜப்பானிய மதுக்கடைகளில் கிதாரோடு இரவெல்லாம் கடைகடையாகப் போய், வாடிக்கையாளர் பாட வாசித்துப் பிழைக்கும் கலைஞர்கள் இருந்தார்கள். 'நாகாஷி' என்று பெயர். பெட்டி வந்தால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அவர்கள் தகராறு செய்தார்கள். சில கடைக்காரர்கள் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நெகிஷி காப்புரிமை வாங்கவில்லை. 2024இல் 100 வயதில் காலமானார்.

இதைப் பற்றி ஒன்றும் தெரியாமலே கோபே நகரில் 1971இல் இன்னொருவர் அதே பெட்டியைச் செய்தார். பெயர் தைசுகே இனோவே. அவரே மதுக்கடையில் வாடிக்கையாளர்களுக்குப் பக்கம் வாசிக்கும் கலைஞர். பாடத் தெரியாதவர் பாடினாலும் அவருடைய சுருதிக்கும் வேகத்துக்கும் வளைந்து கொடுப்பது இவருடைய திறமை. ஒரு கம்பெனி முதலாளி வெளியூர்ப் பயணத்துக்குத் தன்னோடு வந்து வாசிக்கச் சொன்னார். இனோவேயால் போக முடியவில்லை. அவருக்குத் தோதான சுருதியில் வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்துவிட்டார். முதலாளி அதோடு பாடிவிட்டு மகிழ்ச்சியாகத் திரும்பினார். அங்கேதான் பொறி தட்டியது. கார் ஸ்டீரியோ, ஆம்ப், மைக், காசுப் பெட்டி எல்லாவற்றையும் மரப்பெட்டியில் அடக்கி, முதலில் 11 பெட்டிகள் செய்து வாடகைக்கு விட்டார். அவரும் காப்புரிமை வாங்கவில்லை. 1999இல் டைம் இதழின் ஆசியப் பதிப்பு நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க ஆசியர்களில் ஒருவராக அவரைக் குறிப்பிட்டது. 2004இல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் இக்நோபல் பரிசு, அதுவும் அமைதிக்கான பரிசு, அவருக்குக் கிடைத்தது. மற்றவர் பாடுவதைச் சகித்துக்கொள்ள மனிதகுலத்துக்குப் பயிற்சி கொடுத்தாராம்!

பிலிப்பைன்ஸில் ராபர்ட்டோ டெல் ரொசாரியோ என்பவர் 1970களில் இதேபோல ஒரு பெட்டி செய்தார். குரலுக்கு எதிரொலி சேர்க்கும் வசதியும் அதில் இருந்தது. அவர் விவரமாகக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1996இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

'கரா' என்றால் ஜப்பானிய மொழியில் வெறுமை. 'ஓகே' ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். ஆள் இல்லாத ஆர்க்கெஸ்ட்ரா. முதலில் செய்த நெகிஷியை வாசிப்பவர்கள் எதிர்த்தார்கள். பரவக் காரணமான இனோவே தானே வாசிப்பவர். இந்த முரணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கும்பகோணத்துக்குத் திரும்புவோம்.

என் பழைய மாணவர் ஒருவருக்குப் போன் செய்தேன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்பில் பெஞ்சில் தாளம் போட்டதற்காக என்னிடம் அடி வாங்கியவர். பிறகு மெல்லிசைக் குழுவில் தபேலா வாசித்தார். முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு குழுவில் பன்னிரண்டு, பதினைந்து பேர் இருப்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் முன்பு கல்யாண வீடுகளில் இரண்டு பாடகர், ஒரு லேப்டாப் என்று ஆனது. குழு கலைந்தது. இப்போது சிறிய சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறார். அதில் பாதி வேலை கரோக்கிக்காரர்களுக்குத்தான்.

வந்தார். "பெரியம்மா, ஒரு தடவை பாடிக் காட்டுங்க" என்றார். அக்கா மனமில்லாமல் பாடினாள். இரண்டு வரியில் தடுமாறினாள். மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டாள்.

"சார், இது பெரியம்மா தப்பு இல்ல. குரல் லேட்டா வருது" என்றார்.

அக்கா போனில் மாட்டிய சின்ன மைக்கில் பாடுகிறாள். போன் அவள் குரலையும் ட்ராக்கையும் கலந்து ப்ளூடூத் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துப் பாடுவதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை ஆகிவிடும். படம் பார்க்கையில் இது உறைக்காது. ஆனால் தன் குரலே இவ்வளவு தாமதமாகத் தன் காதில் விழுந்தால் மனித மூளை குழம்பிவிடும். அமெரிக்காவில் பெர்னார்ட் லீ என்பவர் 1950இலேயே இதைப் பதிவுசெய்திருக்கிறார். நன்றாகப் பேசுகிறவரும் இழுப்பார், திக்குவார், சொன்னதையே சொல்வார். இருபது வயதுப் பையனுக்கும் இதே கதிதான்.

நான் நம்பாமல் அந்த மைக்கில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். ஏழு பன்னிரண்டில் குழறினேன். அக்கா சிரித்துவிட்டாள். பத்து நாளில் முதல் சிரிப்பு என்றாள் மருமகள்.

பிறகு மாணவர் செய்தவை இவை. நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

மைக்கை ஒயர் வழியாக நேரே ஸ்பீக்கரின் மைக் துளையில் செருகினார். போனில் ட்ராக் மட்டும். ட்ராக் ப்ளூடூத்தில் வந்தாலும் கெடுதல் இல்லை, ஏனென்றால் நாம் அது வந்தபின்தான் பாடுகிறோம். குரல் மட்டும் ப்ளூடூத்தில் போகக்கூடாது. ஆகவே வாங்கும்போது மைக்குக்குத் தனித் துளையும், மைக்குக்கும் பாட்டுக்கும் தனித்தனிச் சத்தக் குமிழும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வயலின், வீணை, கிதார் ஏதாவது சேர்த்து வாசிக்கிறவர்கள் இன்னொரு துளையும், அதில் வாத்தியத்துக்கான அமைப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரை முன்னால், சற்றுப் பக்கவாட்டில், அவளைப் பார்த்து வைத்தார். பாட்டுக்கான பெரும்பாலான மைக்குகள் முன்பக்கம் நன்றாகக் கேட்டு, பின்பக்கம் குறைவாகக் கேட்கும்படி செய்யப்பட்டவை. ஸ்பீக்கர் மைக்கின் பின்பக்கத்தைப் பார்த்தால் கூவாது, அவளுக்கும் தன் குரல் கேட்கும்.

முழுதாகத் திருகியிருந்த எக்கோவைக் கால்பங்காக்கினார். பேஸைக் குறைத்தார். ட்ராக்கை இறக்கிக் குரலை ஏற்றினார். ஆண் குரலுக்கான ட்ராக்கை இவளுடைய கட்டைக்கு மாற்றினார். கோபேயில் இனோவே முதலாளிக்குச் செய்ததும் இதைத்தானே!

வாட் விஷயமும் சொன்னார். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிடும் பி.எம்.பி.ஓ. கணக்கை நம்பாதீர்கள், ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். நல்ல ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் அளவுக்குச் சத்தம் தரும். வாட்டை இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வாட் பத்து மடங்காக வேண்டும். கூடத்தில் பாட 20, 30 வாட் தாராளம். வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல மைக்குக்குக் கொடுங்கள். அக்கம்பக்கத்தையும் நினையுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 என்பதே வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது.

எல்லாம் சரிசெய்தபின் அக்கா பாடினாள். குரல் பழைய குரல் இல்லை. மேலே போனால் கீறுகிறது. ஆனால் வரி தடுமாறவில்லை, தாளம் நின்றது. இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றாள். ட்ராக் அவளுக்காக நிற்காமல் ஓடிவிட்டது. மாணவர் எழுந்து ட்ராக்கை நிறுத்தினார். கூடத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து விரலால் தாளம் போட ஆரம்பித்தார். "நீங்க பாடுங்க பெரியம்மா, நான் வரேன்" என்றார். அவள் மூச்சு வாங்கிய இடங்களில் அவர் காத்திருந்தார். மீதிப் பாட்டை ஸ்பீக்கர் இல்லாமலே பாடி முடித்தாள்.

போகும்போது வாசலில் கேட்டேன். "இந்தப் பெட்டிதானேப்பா உன் தொழிலைக் கெடுத்தது? கோபம் இல்லையா?"

"இருந்துச்சு சார். வாசிச்சவங்க பாதிப் பேர் எங்கே இருக்காங்கன்னே தெரியல. ஒருத்தர் ஏ.டி.எம். வாசல்ல செக்யூரிட்டியா உக்காந்திருக்கார். ஆனா பெரியம்மா மாதிரி ஒருத்தங்க, பதினைஞ்சு பேர் குழுவை வெச்சு எப்ப சார் பாடியிருப்பாங்க?"

எனக்குப் பதில் இல்லை. பெஞ்சில் தாளம் போட்டதற்காக அவரை அடித்ததற்கு அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், அதே பெஞ்சு மாதிரிதான் இருந்துச்சு இன்னைக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அக்கா ஒரு பாட்டில் மாவடு கொடுத்தனுப்பினாள்.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தபேலாவோடு வருகிறார். அதற்கு அக்கா பணம் கொடுக்கிறாள், அவரும் வாங்கிக்கொள்கிறார். மற்ற நாள்களில் பெட்டியோடு பாடுகிறாள்.

உங்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அப்பா அம்மாவுக்கு ஸ்பீக்கர் வாங்கி அனுப்புகிறவர்கள், ஒரு நாள் கூட இருந்து அவர்கள் பாடுவதைக் கேட்டுவிட்டுப் போங்கள். 'வயசாகிவிட்டது' என்று அவர்கள் சொல்வது சில சமயம் ஒயர் தப்பாகச் செருகியதால் இருக்கலாம். வீட்டில் விசேஷம் வைக்கிறவர்கள், கரோக்கி வைத்தாலும் வாசிக்கிறவர் ஒருவரையாவது சேர்த்து அழையுங்கள்.

என் குறிப்பில் தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வகுப்பில் நான் உங்களைத் திருத்தினேன், இப்போது உங்கள் முறை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்